டெக்சாஸில் மறைத்து எடுத்துச் செல்ல எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம்? எப்படிப் பழகுவது?

கேள்வி கேட்டவர் டாலஸில் இருக்கிறார். கிரீன் கார்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து பார்க்கிங் வரை தனியாக நடக்க வேண்டியிருக்கிறது, துப்பாக்கியை இதுவரை தொட்டதே இல்லை என்கிறார்.

நான் ஹூஸ்டன் பக்கம் ஒரு சின்ன மருந்துக்கடை நடத்துகிறேன். ஐந்தடி ஓரங்குலம் உயரம், வளையல் கடையில் இருப்பதிலேயே சின்ன அளவு கேட்கிற கை. 2016-இலிருந்து பிஸ்டலோடுதான் கடையைப் பூட்டுகிறேன். ஒருமுறைகூட வெளியே எடுக்க நேர்ந்ததில்லை.

கிரீன் கார்டு இருப்பதால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். அமெரிக்க மத்தியச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கேட்கிற விஷயம் இல்லை.

சரி, எந்தத் துப்பாக்கி? முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் என் கையைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு .380 (அது தோட்டாவின் அளவு) பிஸ்டலை எடுத்து வைத்தார். 300 கிராம்கூட இல்லை. "பெண்களுக்கென்றே செய்தது மாதிரி" என்றார். எனக்கும் பிடித்துவிட்டது. ஊரில் வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்கும் இரட்டைக் குழலைத் தவிர வேறு துப்பாக்கியை அருகில் பார்த்திராதவளுக்கு அது பொம்மை மாதிரி இருந்தது. அட்டையை நீட்டினேன், ஃபாரம் நிரப்பினேன், வாங்கிவிட்டேன்.

அந்த வாரமே சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுக்குப் போனேன். ஆறாவது தோட்டாவிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை சிவந்துவிட்டது. பிடியில் சுண்டுவிரல் வைக்க இடமே இல்லை. மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுப்பதற்குள் முகம் வியர்த்தது. இலக்கு அட்டையில் ஓட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. 50 தோட்டாப் பெட்டியில் 20 சுட்டேன், மீதியை அப்படியே திருப்பி எடுத்து வந்தேன். அடுத்த நாலு மாதம் ரேஞ்சுப் பக்கமே போகவில்லை.

பிறகுதான் காரணம் புரிந்தது. தோட்டாவின் விசை ஒன்றுதான். அதைத் தாங்கும் இரும்பு குறையக் குறைய மீதி உதை முழுவதும் கைக்கு வருகிறது. குட்டித் துப்பாக்கியில் குறி பார்க்க மேலே இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவு, அதனால் கை ஒரு நூல் அசைந்தாலும் குண்டு ஒரு சாண் விலகும். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குட்டிகள் எல்லாம் நன்றாகச் சுடத் தெரிந்தவர்களுக்கான பொருள். அலுமினியச் சட்டகம் போட்ட ஐந்து தோட்டா ரிவால்வரும் அப்படித்தான். "ரிவால்வர்தான் எளிது, பெண்களுக்கு அதுதான்" என்று யாராவது சொன்னால், அதன் ட்ரிக்கரைத் தொடர்ந்து பத்து முறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு வழிகாட்டியவர் உரிம வகுப்பு நடத்திய ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவேன். அவர் சொன்னது இதுதான்: வாங்காதே, வாடகைக்கு எடு. பெரும்பாலான ரேஞ்சுகளில் சில டாலருக்குப் பல மாடல்களை எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். ஒரே நாளில் மூன்று 9 மி.மீ. பிஸ்டல், ஒவ்வொன்றிலும் 50 தோட்டா. கடைசித் தோட்டா முடிந்ததும் இன்னும் ஒரு பெட்டி வேண்டும் என்று எதில் தோன்றுகிறதோ அதுதான் உங்களுடையது.

க்ளாக் 19-ஐ எடுத்துப் பார்த்தேன். சுமார் 600 கிராம், 15 தோட்டா. அதில் சுடுவது சுகம், ஆனால் என் இடுப்பில் அதன் பிடி தையல் மெஷின் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. சில வருடம் அதைத்தான் தளர்ந்த சட்டைக்குள் சுமந்தேன். 2018-இல் சிக் சாவர் பி365 வந்தது. 500 கிராம் சுமார், மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் கூட்டில், 10 தோட்டா. அதே மாதிரி 2019-இல் க்ளாக் 43எக்ஸ். இந்த அளவுதான் மறைக்கவும் முடியும், பழகவும் முடியும் என்பது என் அனுபவம். நான் பி365-க்கு மாறினேன். உங்கள் கைக்கு வேறொன்று பொருந்தலாம். 9 மி.மீ. என்பதில் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எஃப்பிஐ-யே .40-ஐ விட்டு 9 மி.மீ.-க்குத் திரும்பியிருக்கிறது. உதை குறைவு, பயிற்சித் தோட்டா மலிவு.

ஸ்லைடு இழுக்க வரவில்லை என்று கைவிடும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலத்தில் குறையில்லை, பிடிப்பதில்தான் தப்பு. இரண்டு விரலால் கிள்ளி இழுக்கக் கூடாது. துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, குழல் முன்பக்கமே பார்க்க, இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் பின்பகுதியில் வைத்து இறுகப் பற்றி, வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். தேங்காய் துருவுகிற கைக்கு இது ஒன்றுமே இல்லை.

அப்புறம் உறை. துப்பாக்கிக்கு 500 டாலர் கொடுப்பவர்கள் உறைக்கு 20 டாலர் துணிப்பையை வாங்குவார்கள். ட்ரிக்கரை முழுவதும் மூடுகிற, துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் சுருங்காத, கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் மாதிரி கெட்டியான உறைதான் வேண்டும். அதோடு வளையாத பெல்ட். சுடிதார் நாடாவில் உறை நிற்காது. புடவையில் முடியவே முடியாது, நான் முயன்று பார்த்து என் கணவர் சிரித்ததுதான் மிச்சம். கடைக்கு ஜீன்ஸ், மேலே வெள்ளைக் கோட்டு, தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம் உறை. பெண்களுக்கு இடுப்பு எலும்பின் பின்னால் வைத்தால் பிடி விலாவில் குத்தும், முன்பக்கம்தான் பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் முன்பக்கம் வைத்தால் குழல் தொடையைப் பார்த்திருக்கும், அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அதனால் திரும்ப உறையில் வைக்கும்போது அவசரமே கூடாது. விரல் நீட்டியிருக்க, சட்டை நுனி உள்ளே சிக்காமல், கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாக வைக்க வேண்டும். வேகமாக எடுக்க ஒரு காரணம் இருக்கலாம். வேகமாக வைக்க ஒரு காரணமும் இல்லை.

கைப்பையில் வைக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் வைத்தேன். ஒருநாள் சமையலறை மேசையில் பை இருந்தது, ஆறு வயது மகள் மின்ட் மிட்டாய் தேடி அதற்குள் கையை விட்டாள். பிஸ்டல் அதே பையின் இன்னொரு பகுதியில் ஜிப் போட்டு இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே எண் அழுத்தினால் திறக்கும் சின்ன லாக்கர் வாங்கிக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டினேன். இடுப்பில் இல்லையென்றால் அதற்குள், வேறு இடமே கிடையாது. 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றமும்கூட.

பழகுவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் செய்வதில்லை. எங்கள் வட்டாரத்தில் துப்பாக்கி வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்து பத்துக்கு மேல் இருக்கும். வருடம் ஒருமுறையாவது சுடுகிறவர்கள் இரண்டு பேர்.

நான் செய்வது வீட்டில் வெறும் துப்பாக்கிப் பயிற்சி. வாரத்தில் நாலு நாள், பத்து நிமிடம். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில். மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடைத் திறந்து, உள்ளே தோட்டா உட்காரும் குழியைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்ப்பேன். பிறகு இன்னொரு முறை. புத்தக அலமாரிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கிறது, அலமாரியில் ஒட்டிய சின்ன அட்டைதான் இலக்கு. முன்குறி முனையில் ஒரு பத்து சென்ட் நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிக்கரை அழுத்த வேண்டும். முதல் வாரம் நாணயம் தரையில்தான் இருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஸ்லைடை மறுபடி இழுக்க வேண்டும், தொல்லைதான், ஆனால் ஸ்லைடு பழகிவிடும்.

முடிந்ததும் வாய்விட்டு "முடிந்தது" என்று சொல்லி, அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் தோட்டா இருக்கும் அறைக்குப் போவேன். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தோட்டா நிரப்பிய பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று சுவரைப் பார்த்து அழுத்துவதில்தான் பலருக்கு விபத்து நடக்கிறது.

ரேஞ்சில் மாதம் ஒருமுறை, 100 தோட்டா. எனக்கு எல்லாக் குண்டும் கீழே இடப்பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. துப்பாக்கிக் குறி சரியில்லை என்று டீச்சரிடம் புகார் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மேகசினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுநடுவே போலித் தோட்டாக்களைச் சொருகிக் கொடுத்தார். மூன்றாவது அழுத்தலில் வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி மூக்கு முன்னால் குனிந்து ஒரு பெரிய கும்பிடு போட்டது. உதை வரப்போகிறது என்று பயந்து கை முன்கூட்டியே தள்ளுகிறது, அவ்வளவுதான். காசு செலவழித்துக் குறி மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். காதுக்கு அடைப்பானும் அதற்கு மேல் மூடியும் இரண்டுமே போட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தூரம் மூன்று கஜம், ஐந்து, ஏழு. அதற்கு மேல் அதிகம் வேண்டாம். உரிமத் தேர்வே மூன்று, ஏழு, பதினைந்து கஜத்தில் 50 தோட்டாதான், 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அது மிக எளிது, அதில் தேறியதை வைத்து எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உறையிலிருந்து எடுக்கும் பயிற்சியைப் பல ரேஞ்சுகள் அனுமதிப்பதில்லை. அதை வெறும் துப்பாக்கியோடு வீட்டில் பழகி, ஐடிபிஏ போட்டிகளில் சோதிக்கலாம். மேலே சட்டை மூடிய நிலையில் எடுத்துச் சுடும் போட்டி அது, 1996-இல் தொடங்கியது, புதியவர்களை நன்றாகவே நடத்துகிறார்கள். என் முதல் போட்டியில் டைமர் பீப் அடித்ததும் வெள்ளைக் கோட்டின் பொத்தானோடு சண்டை போட்டேன். முதல் குண்டுக்கு நாலு வினாடிக்கு மேல் ஆனது. இப்போது இரண்டுக்குப் பக்கம்.

அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டி காவல் அதிகாரி டென்னிஸ் டூல்லர் 1983-இல் எழுதிய கட்டுரையில், கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான் என்று கணக்குக் காட்டினார். என் இரண்டு வினாடி அதற்குப் போதாது. அதனால் நான் மாற்றிக்கொண்டது பிஸ்டலை அல்ல. பின்வாசல் விளக்கைப் பெரிதாக்கினேன், காரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துகிறேன், சாவியோடு மிளகு ஸ்ப்ரே வைத்திருக்கிறேன், நடக்கும்போது ஃபோன் பார்ப்பதில்லை. உங்கள் பார்க்கிங் பிரச்சினைக்கும் பாதித் தீர்வு இதில்தான் இருக்கும். கல்லாப்பெட்டிக்காக நான் ஒருநாளும் பிஸ்டலைத் தொடமாட்டேன், கேட்டால் கொடுத்துவிடுவேன்.

உரிமம் பற்றி: 2021 செப்டம்பர் 1 முதல் தகுதியுள்ள 21 வயதானவர் டெக்சாஸில் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் 40 டாலர் கட்டி வாங்கிவிடுங்கள். வேறு பல மாநிலங்களில் செல்லும். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டத்திலிருந்தும் மாநில உரிமம் உள்ளவருக்குத்தான் விலக்கு. பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடை வாசல்களில் 30.06 என்ற எண் போட்ட பலகை இருந்தால் மறைத்தும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. உட்கார்ந்து குடிக்கிற பார்களில் சிவப்பில் 51% என்று இருக்கும், அங்கேயும் கூடாது. உங்கள் வேலையிடத்தின் விதியையும் முதலில் கேட்டுவிடுங்கள். நிறைய நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, அப்படியானால் இந்தச் செலவே வீண்.

மருந்தாளராக ஒன்று: சுட்டு முடித்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதற்கு முன் எதையும் சாப்பிடாதீர்கள். ஈயம். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோதும் பால் கொடுத்தபோதும் நான் ரேஞ்சுக்குப் போகவேயில்லை, வீட்டுப் பயிற்சி மட்டும்தான். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துப் போனபோது முன்பைவிட மோசமாகச் சுடவில்லை.

ஆயுத பூஜைக்கு இதற்கும் பொட்டு வைப்பாயா என்று அம்மா வருடா வருடம் ஃபோனில் கேட்கிறார். அரிவாள்மனைக்கு வைக்கிறோமே என்பது அவர் வாதம். வைப்பதில்லை. குறியில் குங்குமம் அப்பிக்கொள்ளும்.

அந்த முதல் .380 இன்னும் லாக்கரின் அடியில் கிடக்கிறது. வாங்கிய கடையிலேயே விற்கக் கேட்டேன், பாதி விலை சொன்னார்கள்.