பட்டறையும் பள்ளிக்கூடமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் லேத் (உலோகத்தைக் கடையும் இயந்திரம்) ஆபரேட்டராகச் சேர்ந்து, இப்போது அங்கேயே மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்திருக்கிறான். பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல் படிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். விசாரிக்கப் போன அரசுப் பள்ளியில், "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஏன் சார் இந்த குரூப்?" என்று கேட்டார்கள். அந்தப் பிரிவின் ஆசிரியர் விரைவில் ஓய்வு பெறுவதால், அதற்குப் பிறகு அது நடக்குமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார்கள்.

வீட்டிலோ என் அண்ணன் கடுமையாகக் கோபித்துக்கொண்டார். அப்பன் தொழிலையே பிள்ளைக்கும் கொடுப்பதற்குப் பெயர்தான் குலக்கல்வி, அதை எதிர்த்துத்தான் நம் பெரியவர்கள் போராடினார்கள் என்கிறார். தாங்களும் தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறாம் வகுப்பிலிருந்து தொழிற்கல்வி என்று சொன்னபோது அதை எதிர்த்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பள்ளிக்கூடத்தில் கைவேலை சொல்லிக்கொடுப்பதே தவறா? என் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் பள்ளியில் பெண்களுக்குத் தையல் மட்டும்தான். மகனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

க.,
வில்லிவாக்கம்

அன்புள்ள க.,

உங்கள் அண்ணனின் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப்புறப் பிள்ளைகளின் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி நேரமாகச் சுருங்கியது; மீதிப் பொழுதில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. சலவைத் தொழிலாளியின் மகன் துணி துவைக்கும் துறைக்கும், வழக்கறிஞரின் மகன் சட்டப் புத்தகத்துக்கும் போவதற்கான ஏற்பாடு இது என்பதைத் தமிழ்நாடு உடனே புரிந்துகொண்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் நடத்திய போராட்டத்தின் முடிவில் ராஜாஜி பதவி விலகினார். 1954-ல் காமராஜர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் பள்ளிக்கூடத்துக்குள் யாராவது ஓர் உளியைக் கொண்டுவந்தால் இங்கே முதலில் எழும் சந்தேகம் சாதியைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அந்தச் சந்தேகம் நியாயமானது, தேவையானதும்கூட.

ஆனால் அதே 1953-ல், இதே சென்னையைச் சேர்ந்த இன்னொருவர் முற்றிலும் வேறான ஒரு யோசனையை முன்வைத்தார் என்பதை நாம் மறந்துவிட்டோம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான ஆ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழு அந்த ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. உயர்நிலைப் பள்ளியில் மொழி, அறிவியல், சமூகப் பாடங்களோடு ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஒரு கைத்தொழிலைக் கற்க வேண்டும் என்றும், பொறியியல், வேளாண்மை, வணிகம், நுண்கலை முதலிய பிரிவுகளை ஒரே வளாகத்தில் நடத்தும் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. முதலியார் மகப்பேறு மருத்துவர். (அவருக்கு நூறாண்டுகளுக்கு முன், 1850-ல், இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடியான தொழிற்கலைப் பள்ளியைச் சென்னையில் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரும் மருத்துவர்தான். கைப்பழக்கத்தால் பிழைக்கும் தொழிலிலிருந்து வந்தவர்களுக்கு இது எளிதாக விளங்கியிருக்கும் போலும்.)

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அண்ணனிடம் ஒரே வரியில் சொல்லலாம். முதல் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பி, அவன் பிறந்த வீட்டுத் தொழிலில் விட்டது; இரண்டாவது, தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைக்கச் சொன்னது. ஆடிட்டர் மகளும் அரம் பிடித்து ராவ வேண்டும் என்றால் அது எப்படிக் குலக்கல்வி ஆகும்? 2020-ன் கொள்கையை நான் எதிர்த்ததும் இதே அளவுகோலை வைத்துத்தான். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பத்து நாட்கள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தச்சரிடமும் குயவரிடமும் மாணவர்கள் பழக வேண்டும் என்கிறது அது. பத்து நாளில் யாருக்கும் எந்தக் கைப்பழக்கமும் வராது. தெருவைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஊர்களில், எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பட்டறைக்குப் போகும், யாரை அனுப்ப மாட்டார்கள் என்பதைக் கொள்கை வகுத்தவர்கள் யோசித்ததாகவும் தெரியவில்லை.

கைவேலையைத் தொழிலுக்கான தயாரிப்பாகக் கொள்ளாமல் பொதுக்கல்வியின் பகுதியாகவே கொண்ட நாடுகள் உண்டு. ஃபின்லாந்தில் 1866-லேயே, ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால், கைவேலை பள்ளிப் பாடமாயிற்று. பக்கத்து நாடான ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் அதையே 'ஸ்லாய்ட்' என்ற முறையாக வளர்த்து, நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாணவர்களைத் தச்சர்களாக்குவது அவர்களின் நோக்கமல்ல. கண்ணும் கையும் கவனமும் ஒன்றாகப் பழக வேண்டும், உடலுழைப்பின் மீது மதிப்பு வர வேண்டும், தொடங்கிய பொருளைப் பிள்ளை தானே முடிக்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்னது. ஃபின்லாந்தில் இன்றும் அது கட்டாயப் பாடம். அங்கும் துணிவேலை, மரம்–உலோக வேலை என்று நெடுங்காலம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 2014-ன் பாடத்திட்டம் இரண்டையும் ஒன்றாக்கி, ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே பாடமாக வைத்தது.

நாம் செய்தது வேறு. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது அதனுடன் தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. ஜெனரல் மெஷினிஸ்ட், மின் சாதனங்கள், அலுவலக மேலாண்மை, செவிலியம், வேளாண்மை, ஆடை வடிவமைப்பு என்று பல பாடங்கள் இருந்தன. யோசனை நல்லதுதான். ஆனால் பத்தாம் வகுப்புவரை ஒரு திருகாணியைக்கூடத் தொடாத பிள்ளைகளை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பிரித்து, கணிதமும் உயிரியலும் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடமாக அதை ஆக்கினோம். விரும்பி வருபவனையே "ஏன் இந்த குரூப்?" என்று பள்ளிக்கூடம் கேட்கும் நிலைக்கு அது வந்திருப்பதற்குப் பாடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டு, பிறகு சேர்க்கை இல்லை என்று பிரிவை மூடுவதும் பல பள்ளிகளில் நடக்கிறது. கீழ் வகுப்புகளின் கதையும் இதுதான். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கைத்தொழில், கணினி ஆகியவற்றுக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். ஊதியம் அதன்பின் சிறிது சிறிதாக உயர்ந்தது என்றாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் தெருவில்தான் நிற்கிறார்கள். ஒரு பாடத்தை அரசு எவ்வளவு மதிக்கிறது என்பதை அதன் ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்திலிருந்து மாணவர்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

பட்டறையில் ஒரு பிள்ளை உண்மையில் என்ன கற்கிறான் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்; உங்கள் அண்ணனுக்காகவும் மற்ற வாசகர்களுக்காகவும் சொல்கிறேன். ஃபிட்டிங், அதாவது உலோகத் துண்டுகளை அளவாக ராவிப் பொருத்தும் பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு மைல்டு ஸ்டீல் துண்டைக் கொடுத்து, ஒரு விளிம்பை அடுத்த விளிம்புக்குச் செங்குத்தாக ராவச் சொல்வார்கள். பார்க்கச் சாதாரண வேலை. அரத்தின் பல் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்குமே தவிர இரும்பு தேயாது. புதிதாகப் பிடிப்பவனின் கை ஊஞ்சல்போல ஏறி இறங்குவதால் துண்டின் இரு ஓரமும் அதிகமாகத் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஓரங்களில் கசியும் ஒளிக்கீற்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஆசிரியர் திட்ட வேண்டியதும் இல்லை, பாராட்ட வேண்டியதும் இல்லை. மாணவன் தானே பார்த்து, மேட்டை மட்டும் ராவி, மறுபடி வைத்துப் பார்க்கிறான். நம் பள்ளிகளில் ஒரு விடை சரியா தவறா என்பதைச் சொல்லும் அதிகாரம் எப்போதும் வேறொருவரிடம், அதாவது ஆசிரியரிடமோ விடைக்குறிப்பிடமோ இருக்கிறது. தன் வேலையைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பட்டறை அளவுக்கு வேறெந்தப் பாடமும் இவ்வளவு இளம் வயதில் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில், நீளத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவி வருகிறது. அதன் மீச்சிற்றளவு (அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 சென்டிமீட்டர் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். பட்டறையில் புழங்கும் வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரை, அதாவது ஐந்து மடங்கு நுட்பமாகக் காட்டும். புத்தகத்தில் அந்த எண் மனப்பாடத்துக்குரியது. லேத்தில் கடைந்த ஒரு தண்டு அதன் துளைக்குள் நுழையாமல் நிற்கும்போது, அந்த எண் எதற்காக இருக்கிறது என்பது கேட்காமலே விளங்கிவிடுகிறது. இது மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைக்கும், வங்கி வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் தேவையில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறிலிருந்து பத்துவரை வாரத்துக்கு இரண்டு பாடவேளை, முழுநேர ஆசிரியர், கெட்டுப்போனாலும் கணக்குக் கேட்காத அளவுக்கு மரமும் இரும்பும் கம்பியும்: இவ்வளவையும் எல்லோருக்கும் கொடுத்த பிறகு, பதினொன்றாம் வகுப்பில் விரும்பியவர் விரும்பிய பிரிவை எடுக்கட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

இனி உங்கள் மகனைப் பற்றி. அவன் அப்பாவின் தொழில் அது என்பதற்காக நீங்கள் அவனை அதில் தள்ளவில்லை. அவன் தேர்ந்தெடுக்கிறான், வேறு பிரிவு கிடைக்கும் மதிப்பெண்ணும் அவனிடம் இருக்கிறது. ஆகவே அண்ணனின் குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சேர வேண்டும். இந்தப் பிரிவை எடுத்தால் மருத்துவத்துக்கான கதவு மூடிவிடும், பல அறிவியல் பட்டப் படிப்புகளும் எட்டாமல் போகும். பொறியியல் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவினருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. துணைப் பாடமாகக் கணிதம் கிடைக்கிறதா என்பதை மட்டும் பள்ளியில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பொறியியல் அவன் எண்ணத்தில் இருந்தால் அது இல்லாமல் சேர்க்காதீர்கள். 1961-ன் தொழில் பழகுநர் சட்டத்தில் 1986-ல் செய்த திருத்தத்தின்படி, மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்கள் உதவித்தொகையுடன் தொழிற்சாலைகளில் பழகுநராகச் சேரலாம். அதைக் கவனிக்கும் தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது. ஒரு நாள் மகனையே அனுப்பி விசாரித்து வரச் சொல்லுங்கள்.

சேர்ப்பதற்கு முன் பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேத் ஓடுகிறதா, துண்டைக் கவ்விச் சுழற்றும் சக்கில் தூசி படிந்திருக்கிறதா, துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் திருகு சுற்றுகிறதா என்பதையெல்லாம் உங்களைப் போன்ற ஒருவர் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் நடக்கிறது என்பதை ஆசிரியரிடம் கேட்காதீர்கள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மாணவர்களைக் கேளுங்கள். பட்டறை பூட்டியே கிடக்கிறது என்றால், மனம் தளராமல் அவனைக் கணிதம்–அறிவியல் பிரிவில் சேர்த்துவிட்டு, அதன்பின் பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. பற்றி யோசிக்கலாம். இயந்திரத்தைத் தொடாமல் இயந்திரவியல் படிப்பதால் இரண்டு ஆண்டுகள் வீண்.

மகள் விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தையல் நல்ல பாடம். அளவெடுப்பதும் வெட்டுவதும் பொருத்துவதும் அதிலும் உண்டு. ஆண்பிள்ளைகளும் அதைக் கற்க வேண்டும், பெண்பிள்ளைகளுக்கும் ஸ்க்ரூடிரைவரும் ரம்பமும் கிடைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்து மூலமாகக் கேளுங்கள். பேசிவிட்டு வந்தால் தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. உபகரணத்துக்கு நிதி இல்லை என்ற பதில் வரக்கூடும். உங்கள் தொழிற்பேட்டையில் ஒதுக்கிப் போட்ட வைஸும் தேயாத அரமும் எத்தனை பட்டறைகளில் கிடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதாக அந்த மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.