ரூட் கெனாலா, பல்லைப் பிடுங்குவதா? எது சிக்கனம்?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு வாரமாகக் கடும் வலி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், தொற்று வேர்வரை போய்விட்டது, ரூட் கெனால் (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, சுத்தம் செய்து அடைப்பது) செய்து கிரவுன் (பல்லின்மேல் போடும் மூடி) போட வேண்டும் என்கிறார். பிடுங்கினால் செலவு மிகக் குறைவு. மாத்திரை சாப்பிட்டதில் வலியும் நின்றுவிட்டது. அவசர நிதியைத் தொட மனமில்லை. ஆறு மாதம் தள்ளிப்போடலாமா, பிடுங்கிவிடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். வலி நின்றதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். கிருமி அங்கேயேதான் இருக்கும். ரத்த ஓட்டம் நின்ற பல்லுக்குள் மாத்திரை மருந்து போய்ச் சேராது. பிறகு சீழ் கட்டினால் காப்பாற்றப் பல்லே மிஞ்சாமல் போகலாம். முகமோ கழுத்தோ வீங்கினால், விழுங்கச் சிரமப்பட்டால், செலவைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, பிடுங்கினால்? ஒரு பக்கம் முழுச் செலவையும் மறுபக்கம் பாதிச் செலவையும் வைத்து ஒப்பிடுகிறீர்கள். பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயலாம், மேல்பல் இறங்கலாம், அந்த இடத்து எலும்பும் தேயும். இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைப்பதென்றால் பொதுவாக ரூட் கெனால், கிரவுன் இரண்டையும் சேர்த்ததைவிட அதிகமாகும். பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் செயற்கைப் பல்) என்றால் இருபுறமும் உள்ள நல்ல பற்களைச் செதுக்க வேண்டும். எனவே இரண்டு வழிக்கும் கடைசிக் கட்டம்வரை ஆகும் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். ஞானப்பல்லாக இருந்தாலோ, கிரவுன் பிடிக்காத அளவு பல் சிதைந்திருந்தாலோ பெரும்பாலும் பிடுங்குவதுதான் சரி.

கிரவுன் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ரூட் கெனால் முடிந்து வலி போனதும், ‘மூடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பலர் விட்டுவிடுவார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான். அது கசிந்தால் எச்சிலோடு கிருமி மறுபடி உள்ளே இறங்கும். கடித்து மெல்லும் அழுத்தத்தில் பல் வேர்வரை பிளந்துவிட்டால் ரூட் கெனால் காசும் போய், பிடுங்கவும் காசு கொடுக்க வேண்டும். அதனால் கிரவுனுக்கான தொகையை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள்.

அவசர நிதி இந்த மாதிரிச் செலவுக்குத்தான், தயங்காமல் எடுங்கள். சிகிச்சை பல அமர்வுகளாக நடந்தால் பணத்தையும் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று கேளுங்கள். வெளியே தெரியாத பின்பல்லுக்கு உலோகக் கிரவுன் போதும். பெரும்பாலும் செராமிக்கைவிட மலிவு, உறுதியும் அதிகம். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் பொதுவாகக் குறைவு, நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். மருத்துவக் காப்பீடு இருந்தால் பல் சிகிச்சை அதில் அடங்குமா என்று முதலில் படித்துப் பாருங்கள்; பல பாலிசிகள் இதைச் சேர்ப்பதில்லை. கிரெடிட் கார்டில் தவணை போட்டால், வட்டி இல்லை என்று சொன்னாலும் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.