3,900 ‘புதிய’ ஈஸ்ட் மரபணுக்கள்: பணம் கட்டும் முன் மூலக்கோப்பைக் கேளுங்கள்

கேள்வி: பெங்களூரு மைக்ரோபுருவரி (சிறு பீர் ஆலை) ஒன்றிலிருந்து எடுத்த, ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்டின் ஜீனோமை ஓர் ஏஜென்சி வழியாக சீக்வென்ஸ் செய்தோம். மொத்த நீளம் 1.42 கோடி டிஎன்ஏ எழுத்து, 8,100 மரபணுக்கள், அவற்றில் 3,900 ‘ஹைப்போதெட்டிகல் புரோட்டீன்’ (இன்னதென்று அடையாளம் தெரியாதவை) என்கிறது ரிப்போர்ட். இவை புதிய மரபணுக்கள், கட்டுரை எழுதலாம் என்கிறார் என் வழிகாட்டி. ‘புரோட்டீன் அனோட்டேஷன்’ (ஒவ்வொரு புரோட்டீனுக்கும் பெயரும் வேலையும் குறிப்பது) செய்ய ஏஜென்சி இன்னும் 45,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?
— ஆய்வு மாணவி, கோவை

பதில்: கட்ட வேண்டாம். தப்பான மென்பொருளில் ஓட்டி எடுத்த ரிப்போர்ட் இது. அதோடு உங்கள் மாதிரியில் ஒரு பாக்டீரியாவும் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

யூகேரியோட்டுகளில் (செல்லுக்குள் உட்கரு உள்ள உயிரிகளில்) ஜீனோம் முழுதாக வாசிக்கப்பட்ட முதல் உயிரி ஈஸ்ட்தான். எஸ்288சி என்ற ஆய்வக ரகத்தின் ஜீனோம் 1996-இல் வெளியானது: 16 குரோமோசோம்கள், ஏறக்குறைய 1.2 கோடி எழுத்து, 6,000 மரபணுக்கள் அளவில். அதன்பின் உலகமெல்லாம் ஒவ்வொரு மரபணுவாக எடுத்துக் குடைந்திருக்கிறார்கள். ஏல் ரகங்கள் எஸ்288சி-யிலிருந்து எழுத்துக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று விலகினாலே அதிகம். அப்படியிருக்க 3,900 பெயர் தெரியாத புரோட்டீன்கள் எங்கிருந்து வரும்?

ஏஜென்சி தந்த ஜிஎஃப்எஃப் கோப்பை (மரபணுக்களின் இருப்பிடப் பட்டியல்) திறந்து இரண்டாவது நெடுவரிசையைப் பாருங்கள். ‘புரோடிகல்’ என்று இருந்தால், அந்த மரபணு தேடும் நிரலை உள்ளே வைத்திருக்கும் புரோக்காவில் ஓட்டியிருக்கிறார்கள். அது பாக்டீரியாவுக்கென்றே எழுதிய மென்பொருள். அதற்கு இன்ட்ரான் (மரபணுவுக்கு நடுவே வந்து, புரோட்டீன் ஆகும் முன் வெட்டி நீக்கப்படும் பகுதி) என்றால் என்னவென்றே தெரியாது. பெயர் வைக்கும்போதும் பாக்டீரியா பட்டியலைத்தான் முதலில் புரட்டும். அதில் இல்லாததெல்லாம் ‘ஹைப்போதெட்டிகல்’. ஈஸ்ட் மரபணுக்களில் இன்ட்ரான் உள்ளவை 5 விழுக்காடு அளவுதான், ஆனால் ரைபோசோம் புரோட்டீன்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. ஆக்டின் மரபணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எக்ஸான், அதாவது வெட்டாமல் மிஞ்சும் பகுதி, வெறும் 10 எழுத்து. பிறகு 300-க்குச் சற்று மேல் நீளும் இன்ட்ரான், அதன் பிறகுதான் மீதி. புரோடிகல் அந்தத் தலைப்பகுதியை விட்டுவிட்டு உள்ளே வேறெங்காவது தொடக்கம் வைக்கும். சோதித்துப் பார்க்க இது நல்ல இடம்: உங்கள் கோப்பில் ஆக்டின் 375 அமினோ அமிலம் இல்லையென்றால் மற்றதையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது நீளம். ஏல் ஈஸ்ட்டைச் சிறு வாசிப்புகளிலிருந்து (சீக்வென்சர் தரும் குட்டி டிஎன்ஏ துண்டுகளிலிருந்து) தொகுத்தால் 1.15 முதல் 1.2 கோடி எழுத்து வரும். உங்களிடம் 20 லட்சத்துக்கு மேல் உபரி. பீர் கெடுக்கும் லாக்டோபேசில்லஸ் வகை ஒன்றின் ஜீனோம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்பேட்ஸ் என்ற மென்பொருளின் தொகுப்பு என்றால் ஒவ்வொரு கான்டிக் (வாசிப்புகளை ஒட்டிக் கிடைத்த நீளத் துண்டு) பெயரிலும் நீளமும் கவரேஜும் (அந்த இடம் சராசரியாக எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பது) எழுதியிருக்கும். ஈஸ்ட்டின் ஜிசி அளவு (டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் பங்கு) 38 விழுக்காடு. ஜிசி 45-ஐத் தாண்டி, கவரேஜும் தனியாக நிற்கிற கான்டிகுகளைப் பிரித்து பிளாஸ்ட் என்ற தேடல் கருவியில் போடுங்கள். இதைச் செய்யாமல் என்சிபிஐ-க்கு (அமெரிக்காவின் பொது ஜீனோம் தரவகம்) அனுப்பினால் அவர்களுடைய கலப்படச் சோதனையிலேயே சிக்கும்.

இனி நீங்களே செய்ய வேண்டியது. ஏஜென்சியிடம் மூல ஃபாஸ்ட்க்யூ கோப்புகளையும் (சீக்வென்சர் தந்த வாசிப்புகள்) எம்டி5 எண்களையும் (கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) எழுத்தில் கேளுங்கள். அந்தக் கோப்பு உங்கள் சொத்து. ‘சர்வரில் இருந்து அழிந்துவிட்டது’ என்று இழுத்தால் பாக்கித் தொகையை நிறுத்துங்கள். இந்த இடைத்தரகர்களில் பலரிடம் சீக்வென்சரே கிடையாது. மாதிரியை வாங்கி வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, வந்த ரிப்போர்ட்டில் தங்கள் லோகோவை ஒட்டித் தருவார்கள். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும், மூன்று கொட்டேஷனில் குறைந்ததை எடுக்க வேண்டும் என்று நம் நிறுவனங்கள் ஓடுகிற ஓட்டம்தான் இவர்களை வாழவைக்கிறது. கொட்டேஷனில் ‘அனோட்டேஷன்’ என்ற ஒற்றைச் சொல் இருக்கும்; எந்த மென்பொருள் என்று கேட்க ஆள் இருக்காது.

150 எழுத்து ஜோடி வாசிப்பு என்றால் 40 லட்சம் ஜோடி போதும், 100 மடங்கு கவரேஜ். ஃபாஸ்ட்பியில் சுத்தம் செய்து, ஸ்பேட்ஸில் தொகுத்து, மேலே சொன்ன பாக்டீரியா கான்டிகுகளை நீக்குங்கள். இருக்க வேண்டிய மரபணுக்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று பார்க்கும் பஸ்கோவில், ஈஸ்ட் குடும்பத்துக்கான சாக்கரோமைசீட்ஸ் தொகுதியை வைத்துச் சோதித்தால் 98 விழுக்காட்டுக்குக் கீழே வரக் கூடாது. பிறகு லிஃப்ட்ஆஃப். எஸ்288சி-யின் மரபணு இருப்பிடங்களை, இன்ட்ரான் எல்லைகளோடு, அப்படியே உங்கள் தொகுப்பின் மேல் ஏற்றித் தரும். லினக்ஸ் போட்ட சாதாரண மடிக்கணினி போதும். ஏறாத மரபணுக்களைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கும், அதையும் படியுங்கள். லிஃப்ட்ஆஃப் மூடாத இடங்களில் மட்டும், இன்ட்ரான் தெரிந்த மரபணு தேடும் மென்பொருளான அகஸ்டஸை அதன் ஈஸ்ட் மாதிரியோடு ஓட்டி, கிடைப்பதை யூனிப்ராட் என்ற புரோட்டீன் தரவுத்தளத்தில் தேடுங்கள். ‘புரோட்டீன் அனோட்டேஷன்’ என்று 45,000-க்கு விற்கப் பார்ப்பது இந்தத் தேடலைத்தான். யூனிப்ராட், ஸ்டான்ஃபோர்டின் ஈஸ்ட் ஜீனோம் தரவுத்தளம் இரண்டுமே இலவசம். டிஎன்ஏவை மொழிபெயர்த்த பட்டியலை ‘புரோட்டியோம்’ (செல்லில் உள்ள புரோட்டீன்களின் முழுத் தொகுப்பு) என்று எழுதவும் வேண்டாம். புரோட்டீன் செல்லில் இருக்கிறது என்று சொல்ல, மூலக்கூறுகளை எடைபோட்டு அறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும்.

எஸ்288சி-யில் இல்லாத மரபணு உங்கள் ஈஸ்ட்டில் இருக்கவே முடியாதா என்றால், முடியும். புருவரிக்கு முக்கியமான ஒன்றே அப்படித்தான்: எஸ்டிஏ1. இது இரண்டு மரபணுக்களின் ஒட்டு. தலைப்பகுதி எஃப்எல்ஓ11-இலிருந்து, உடல் எஸ்ஜிஏ1-இலிருந்து. தலை இருப்பதால் என்சைம் செல்லுக்கு வெளியே வந்துவிடும். உடல், பீரில் மிஞ்சிய டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை வெட்டிச் சர்க்கரையாக்கும். அடைத்த பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து, வாயு ஏறி, பாட்டில் வெடிக்கிற அளவுக்குப் போகும். சங்கடம் என்னவென்றால், இரு பாதிகளும் தனித்தனியாகச் சாதாரண பீர் ஈஸ்ட்டிலும் உண்டு. 150 எழுத்து வாசிப்பில் ஒட்டும் அசலும் ஒன்றுபோலத் தெரிவதால் தொகுப்பு அந்த இடத்தில் உடையும். லிஃப்ட்ஆஃப் இரண்டு பழைய பெயர்களையே போடும். ‘எஸ்டிஏ1 இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். அசல் இரண்டும் ஒன்பதாவது குரோமோசோமின் எதிரெதிர்க் கைகளில் இருப்பவை. ஆகவே மூல வாசிப்புகளை எஸ்288சி-யில் பொருத்தி, ஒரு பாதி எஃப்எல்ஓ11-இலும் மறுபாதி எஸ்ஜிஏ1-இலும் விழும் ஜோடிகளை எண்ணுங்கள். ஒன்றிரண்டு கணக்கில்லை, டஜன் கணக்கில் இருந்தால் எஸ்டிஏ1 இருக்கிறது. பிசிஆரிலும் உறுதிசெய்யுங்கள். அங்கே முடித்துவிடாதீர்கள்: புரோமோட்டரில் (மரபணுவை இயக்கிவிடும் முன்பகுதி) 1,162 எழுத்து விடுபட்ட ரகங்களில் இந்த மரபணு இருந்தும் வேலை மிகக் குறைவு. அதனால் புரோமோட்டருக்கும் ஒரு பிசிஆர் வையுங்கள். புருவரிக்காரர் கேட்டால் இரண்டு முடிவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கையில் அந்த 45,000 இருந்தால் நானோபோர் நீள் வாசிப்புக்குச் செலவிடுங்கள். ஒட்டு முழுவதும் ஒரே வாசிப்பில் வந்துவிடும். தூய ஒற்றைக் காலனியிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடி மணிகளைப் போட்டு அடித்துச் செல்லை உடைத்தால் டிஎன்ஏ துண்டு துண்டாகும். செல்சுவரை ஜைமோலியேஸ் என்ற என்சைமில் கரைத்து எடுங்கள்.