குளத்து நீரில் வாழும் ஒரு செல் உயிரியான பாரமீசியத்துக்கு வாயும் வயிறும் இல்லையே, எப்படிச் சாப்பிடுகிறது?

வாய் இருக்கிறது. உடம்பின் ஒரு பக்கத்தில் சரிவாக ஒரு பள்ளம் ஓடும், அங்குள்ள குறு இழைகள் ஓயாமல் அடித்து நீரோட்டத்தை உண்டாக்கி, பாக்டீரியாக்களைப் பள்ளத்தின் அடியில் இருக்கும் வாய்க்குள் தள்ளுகின்றன.

வயிறுதான் நிலையாகக் கிடையாது, சாப்பிடச் சாப்பிட உண்டாக்கிக்கொள்கிறது. இரை கொஞ்சம் சேர்ந்ததும் அதைச் சுற்றிச் சவ்வு மூடி, ஒரு உணவுக் குமிழியாகக் கழன்று செல்லுக்குள் சுற்ற ஆரம்பிக்கும். முதலில் அதற்குள் அமிலம் ஏறும், இரையைச் செரிக்கும் நொதிகள் வந்து சேரும், பிறகு அமிலம் குறையும், சத்தெல்லாம் செல்லுக்குள் இறங்கியதும் மிச்சம் எப்போதும் ஒரே இடத்தின் வழியாகத்தான் வெளியேறும்.

இதை நிறம் வைத்தே பார்த்துவிடலாம், எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். காங்கோ சிவப்புச் சாயத்தோடு கொதிக்கவைத்து ஆறிய ஈஸ்ட்டைத் துளியளவு கொடுங்கள். சிவப்பாக உள்ளே போகும் குமிழிகள் அமிலம் ஏறியதும் நீலமாகி, அப்புறம் மறுபடி சிவப்புக்குத் திரும்பும். பாரமீசியம் கால் மில்லிமீட்டர் நீளம் வரை இருக்கும் என்பதால் 100 மடங்கு பெருக்கும் பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பே போதும்.

சாப்பாடு மட்டுமல்ல, தண்ணீரும் ஒரு பெரிய வேலை. குளத்து நீரைவிடச் செல்லுக்குள் உப்பு அதிகம், அதனால் நீர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், வெளியேற்றாவிட்டால் செல் வெடித்துவிடும். நட்சத்திரம் போலக் கிளைகள் உள்ள இரண்டு சுருங்கும் குமிழிகள் அதை மாறி மாறி வெளியே தள்ளுகின்றன. இத்தனையும் ஒரே செல் செய்யும்போது இதை 'எளிய உயிரி' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லா ஒரு செல் உயிரிகளும் இப்படிச் சாப்பிடுவதில்லை. அமீபா போலிக்கால்களை நீட்டி இரையை வளைத்து மூடிவிடும். டிடினியம் என்ற இன்னொரு ஒரு செல் உயிரி பாரமீசியத்தையே முழுசாக விழுங்கும். பாரமீசியம் பர்சேரியா என்ற இனம் உடம்புக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பச்சைப் பாசிகளை வைத்திருக்கிறது, வெளிச்சம் கிடைத்தால் அவை செய்யும் சர்க்கரையில் இதற்கும் பங்கு உண்டு.

நீங்களே பார்க்க வேண்டுமானால், கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் வைக்கோல் போட்டு, அதில் குளத்து நீர் சிறிது ஊற்றி, வெயில் படாத இடத்தில் மூடாமல் வையுங்கள். முதலில் பாக்டீரியா பெருகி நீர் கலங்கும், அதைத் தின்றுதான் பாரமீசியங்கள் பெருகும். மேல்பரப்புக்குப் பக்கத்தில் எடுத்த சொட்டில் தேடுங்கள்.