கூரோஸ் முதல் கோதிக் வரை: ஐரோப்பியச் சிற்பம் பற்றிய உங்கள் கேள்விகள்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். மைக்கேலாஞ்சலோ பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தச் சுற்று அவருக்கு முந்தைய காலத்தோடு நிற்கிறது.

கேள்வி: கிரேக்கர்கள் எகிப்தியரைப் பார்த்துத்தான் சிலை செய்யக் கற்றார்களாமே, உண்மையா சார்?

பெரிய கற்சிலையைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆமாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 600 வாக்கில் செய்த கூரோஸ் எனும் இளைஞன் சிலை இருக்கிறது. இடது கால் முன்னே, கைகள் விறைப்பாகத் தொடையோடு, விரல்கள் மடங்கி. அப்படியே எகிப்தியத் தோரணை. ஆனால் எகிப்தியச் சிலைகளில் முதுகுக்குப் பின்னால் ஒரு கல்தூண் இருக்கும், கைக்கும் உடலுக்கும் நடுவே கல்லை விட்டு வைத்திருப்பார்கள். கிரேக்கச் சிற்பி அதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டார், உடையையும் சேர்த்து.

அடுத்த 120 ஆண்டுகளில் நடந்ததுதான் பெரிய விஷயம். கி.மு. 480 வாக்கில் வந்த 'கிரிட்டியோஸ் சிறுவன்' என்ற பளிங்குச் சிலை, ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை முழுவதும் இடது காலில், வலது முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. அதனால் இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, தலையும் துளி திரும்பியிருக்கிறது. நேரில் போகிறவர்கள் பின்பக்கம் போய் முதுகெலும்பின் வளைவையும் பாருங்கள்.

கேள்வி: ரோமானியப் பளிங்குச் சிலைகளின் காலோடு ஒரு மரக்கட்டை ஒட்டிக்கொண்டே இருக்கிறதே, எதற்கு?

முட்டுக்கொடுக்க. அவற்றில் பல, கிரேக்க வெண்கலச் சிலைகளைப் பார்த்துச் செய்த நகல்கள். வெண்கலச் சிலை உள்ளே கூடு, கணுக்கால் தாங்கும். அதே உருவத்தைப் பளிங்கில் செய்தால் எடை தாங்காமல் கணுக்கால் முறிந்துவிடும். கிரேக்கச் சிற்பி பாலிக்லெய்டோஸின் 'ஈட்டி ஏந்தியவன்' சிலையைத் தேடிப் பாருங்கள். எரிமலையில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியில் கிடைத்த பளிங்கு நகல் நேப்பிள்ஸில் இருக்கிறது. வெண்கல மூலம் கிடைக்கவே இல்லை.

கிரேக்க வெண்கலங்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. தப்பியவற்றில் பல, கடலில் மூழ்கியதால் தப்பியவை. 1972-இல் இத்தாலியின் ரியாச்சே கரையோரக் கடலில் இரண்டு வெண்கல வீரர் சிலைகள் கிடைத்தன. உதடுகள் செம்பு, ஒருவனுக்குப் பற்கள் வெள்ளி. பளிங்கு நகலை மட்டும் பார்த்துக் கிரேக்கரை எடைபோடக் கூடாது என்பதற்கு அந்த வாய் ஒன்றே போதும்.

கேள்வி: சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. வெள்ளைதானே அழகு?

நம்பித்தான் ஆகவேண்டும். 1863-இல் ரோம் அருகே பிரிமா போர்ட்டாவில் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் சிலை கிடைத்தபோதே அதில் வண்ணம் ஒட்டியிருந்தது. வெள்ளைதான் அழகு என்ற எண்ணம் ரொம்பப் பிந்தையது. அந்த எண்ணத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1930-களில் பார்த்தினான் எனும் ஏதென்ஸ் கோயிலின் சிற்பங்களைச் செம்புக் கருவிகளால் சுரண்டி வெளுப்பாக்கினார்கள். கொடுமை.

கேள்வி: அவ்வளவு தத்ரூபமாகச் செய்தவர்கள் இடைக்காலத்தில் பொம்மை மாதிரிச் செய்தது ஏன்? கிறிஸ்தவம்தான் காரணமா ஐயா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. பதில் ரோமில், கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கி.பி. 315-இல் முடிந்த, கிறிஸ்தவத்தை ஆதரித்த முதல் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவு. அதில் இரண்டாம் நூற்றாண்டுப் பேரரசர் ஹாட்ரியன் காலத்து வட்டச் சிற்பங்களைப் பழைய கட்டடத்திலிருந்து பெயர்த்துப் பதித்திருக்கிறார்கள். வேட்டைக் காட்சிகள், குதிரை உண்மையாகவே பாய்கிறது. அதற்குக் கீழே கான்ஸ்டன்டைனுக்காகப் புதிதாகச் செதுக்கிய சிற்பப் பட்டை. ஆட்கள் குட்டை, தலை பெரிது, எல்லோரும் ஒரே உயரம், துணி மடிப்புகள் வெறும் கோடுகள். பேரரசர் நட்டநடுவில் நம்மைப் பார்த்து நிற்க, கூட்டம் இரண்டு பக்கமும் அவரைப் பார்க்கிறது.

கி.பி. 410-இல் ரோம் நகரம் சூறையாடப்படுவதற்கு 95 ஆண்டுகள் முந்தைய வேலை இது. தேவாலயம் கேட்டுச் செய்ததும் இல்லை. ஆக, மாற்றம் அரசவையிலேயே தொடங்கிவிட்டது. யார் பெரியவர், யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதே அங்கே வேலை. அதற்குத் தசையும் ஆழமும் தேவைப்படவில்லை.

ஆனால் திறமை குறையவே இல்லை என்று சாதிக்கும் கட்சியிலும் நான் இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் குழப்பத்தில் பெரிய பளிங்கு வேலைகள் வெகுவாகக் குறைந்தன. வேலை இல்லாத பட்டறையில் அடுத்த தலைமுறை எதைக் கற்கும்?

கேள்வி: பழைய சிலைகளைக் கிறிஸ்தவர்கள் உடைத்தார்களா?

சிலவற்றை. உலோகத்துக்காக உருக்கியதும், பளிங்கைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டதும் நிறைய. ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் வெண்கலக் குதிரைச்சிலை பிழைத்தது, அதைக் கிறிஸ்தவப் பேரரசரான கான்ஸ்டன்டைன் என்று நினைத்ததால்.

கேள்வி: இடைக்காலச் சிற்பி ஒருவர் பெயராவது தெரியுமா?

பிரான்சில் ஓதாங் பேராலய வாசலின் மேல் அரைவட்டத்தில் கடைசித் தீர்ப்புச் சிற்பம், 1130 வாக்கில். இயேசுவின் காலடியில் 'இதைச் செய்தவர் கிஸ்லெபெர்டுஸ்' என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. அது சிற்பியின் பெயர் அல்ல, செய்வித்தவர் பெயர் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்குச் சிற்பி என்றே தோன்றுகிறது.

1766-இல் அசிங்கமாக இருக்கிறதென்று அங்கிருந்த குருமாரே சுண்ணச்சாந்து பூசி அதை மூடினார்கள். துருத்திக்கொண்டிருந்த இயேசுவின் தலையை உடைத்தும் எடுத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது பல தேவாலயங்களில் சிலைகள் உடைபட, சாந்துக்குள் இருந்த இது பிழைத்தது. 1837-இல் சாந்தை உரித்தார்கள், தலையை 1948-இல் அடையாளம் கண்டு ஒட்டினார்கள். அதே தேவாலயத்தின் ஏவாள் சிற்பம் 1856-இல் ஒரு வீட்டுச் சுவரில் கல்லோடு கல்லாகக் கிடைத்தது. படுத்தவாக்கில் நீந்துவதுபோல் இருக்கிறாள். ஒரு கை கன்னத்தருகே, இன்னொரு கை பின்னால் பழத்தைப் பறிக்கிறது. முகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இதைச் செய்தவருக்கு உடல் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: கோதிக் சிற்பம் எப்போது உயிர்பெறுகிறது?

கோதிக் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கிய பேராலயக் கலைப் பாணி. அங்கே ஷார்த்ர் பேராலயத்தின் மேற்கு வாசலில் (1145 வாக்கில்) அரசர்களும் அரசிகளும் தூணோடு தூணாக நீண்டிருக்கிறார்கள். நூறாண்டுக்குள் ரைம்ஸ் பேராலய வாசலில் மரியாளும் அவள் உறவினள் எலிசபெத்தும் ஒரு காலில் எடையைப் போட்டு, ரோமானியப் பெண்கள்போல் மேலாடை மடிப்போடு நிற்கிறார்கள். என் விருப்பம் ஜெர்மனியின் நௌம்பூர்க் பேராலயம். அங்கே 1250 வாக்கில் செய்த ஊட்டா என்ற சீமாட்டியின் சிலையில், ஒரு கை மேலங்கிக்கு உள்ளிருந்தே காலரைத் தூக்கிக் கன்னத்தருகே பிடித்திருக்கிறது. அந்தச் சீமாட்டி வாழ்ந்தது சிற்பிக்கு 200 ஆண்டுகள் முன்பு!

கேள்வி: அப்புறம் மறுமலர்ச்சி?

தேதி குறிக்க வேண்டுமென்றால் நான் 1260 என்பேன். பிசாவில் நிக்கோலா பிசானோ செய்து முடித்த பிரசங்க பீடத்தில், மன உறுதி என்ற கிறிஸ்தவக் குணம் கிரேக்க வீரன் ஹெர்குலிஸாக, ஆடையில்லாமல் நிற்கிறது. பேராலயத்தையொட்டி இருந்த ரோமானியக் கல் சவப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும், கிரேக்கப் புராண அரசி ஃபீட்ராதான் அவர் கையில் மரியாள் ஆனாள். பீடம் ஞானஸ்நான மண்டபத்தில், சவப்பெட்டி எதிரே கல்லறை மண்டபத்தில். சாய்ந்த கோபுரத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிறகு இரண்டையும் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.