பணக்கார நாடு, ஏழை நாடு, காலநிலைச் சட்டம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சார், இன்றைக்கு அதிகமாகக் கரியமில வாயு விடுவது சீனா. அப்புறம் ஏன் அமெரிக்காவையே கைகாட்டுகிறார்கள்?

இந்த ஆண்டுக் கணக்கில் சீனாதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த வாயு வருடா வருடம் கலைந்துபோகிற புகை இல்லை, பாட்டன் காலத்தில் எரித்த நிலக்கரியுடையதில் பெரும்பங்கு இன்னும் மேலேயும் கடலிலும்தான் கிடக்கிறது. மொத்தமாகக் கூட்டினால் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது. அதனால்தான் ஐ.நா.வின் 1992 காலநிலை ஒப்பந்தத்தில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்று எழுதி, பணக்கார நாடுகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியல் பழசாகிவிட்டது என்பதும் உண்மை. கத்தாரும் சிங்கப்பூரும் இன்னும் வளரும் நாடுகள் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன!

பாரிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா, வெறும் காகிதமா?

வரிக்கு வரி மாறும். 2015 டிசம்பர் 12, பாரிஸ் காலநிலை மாநாட்டின் இறுதி வரைவில் பணக்கார நாடுகள் முன்னின்று உமிழ்வைக் குறைப்பது பற்றிய இடத்தில் 'ஷல்' என்று இருந்தது, அதாவது கட்டாயம். அமெரிக்கா முரண்டு பிடித்தது, ஏனென்றால் கட்டாயம் என்றால் அவர்கள் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதலுக்குப் போகவேண்டும், அந்த செனட்டோ 1997லேயே பணக்கார நாடுகளை மட்டும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டாமென்று 95-0 என்று ஓட்டுப் போட்டது. கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் மேடையிலிருந்து எழுத்துப்பிழைத் திருத்தங்களை வாசித்தார்கள், கமா, முற்றுப்புள்ளி வகையறாக்களோடு 'ஷல்' என்பதும் 'ஷுட்' ஆனது. கட்டாயம் போய் 'செய்தால் நல்லது' வந்துவிட்டது.

பணக்கார நாடுகள் காலநிலைக்காக ஏழை நாடுகளுக்கு வருடத்துக்கு 10,000 கோடி டாலர் தருகிறோம் என்றார்களே அண்ணா?

2009இல் சொன்னது, 2020க்குள் தந்திருக்கவேண்டும். அவர்கள் கணக்குப்படியே 2022இல்தான் எட்டியது, அதிலும் பெரும்பகுதி கடன். வீட்டைக் கொளுத்தியவனே வட்டிக்குப் பணம் தருவதற்கு உதவி என்று பெயர்.

2022 வெள்ளத்துக்கு பாகிஸ்தான் நஷ்டஈடு கேட்க முடியாதா?

3.3 கோடி பேர் பாதிக்கப்பட்டார்கள், சேதமும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலர், உலக உமிழ்வில் அந்த நாட்டின் பங்கோ ஒரு சதவீதத்துக்கும் கீழே. பாரிஸில் 'இழப்பும் சேதமும்' என்று தனிப் பிரிவே உண்டு. கூடவே நிறைவேற்றிய தீர்மானத்தின் 51ஆம் பத்தியைப் படித்துப் பாருங்கள்: இந்தப் பிரிவை வைத்து இழப்பீடு கேட்க முடியாது! அதே 2022இல் எகிப்தில் இந்த இழப்புகளுக்கென்று ஒரு நிதியம் அமைக்க ஒத்துக்கொண்டார்கள், சரி, ஆனால் அது கோயில் உண்டியல் மாதிரி. அடுத்த ஆண்டு துபாயில் ஜெர்மனி 10 கோடி டாலர் தருவதாகச் சொன்னது, அமெரிக்கா 1.75 கோடி.

அப்படியானால் வழியே இல்லையா?

பசிபிக் தீவு மாணவர்கள் சிலர் சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம் என்று 2019இல் ஒரு யோசனையைக் கிளப்ப, அங்குள்ள தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அதைத் தூக்கிக்கொண்டு ஐ.நா. பொதுச் சபை வரை போனது, சபையும் கேட்டது. 2025 ஜூலை 23 அன்று அந்த நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: காலநிலைக் கடமையை மீறுவது சட்டவிரோதம், மீறலுக்கும் சேதத்துக்கும் தொடர்பை நிரூபித்தால் இழப்பீடும் கேட்கலாம். இது ஆலோசனைக் கருத்துதான், யார் கையையும் கட்டாது. ஆனால் அடுத்த பேச்சுவார்த்தையில் 51ஆம் பத்தியைக் காட்டுகிறவர்களிடம் எதிரே வைக்க இப்போது ஒரு காகிதம் இருக்கிறது.