சாதிக்காயும் ஜவ்வரிசியும்

அன்புள்ள ஐயா,

மும்பையில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். நோயியல் பாடம், அதாவது பேத்தாலஜி, தொடங்கியதிலிருந்து தூக்கமே இல்லை. வார்த்தைகள் வாயில் நுழையவில்லை. நான் உச்சரித்தால் வகுப்பில் சிரிக்கிறார்கள். டாக்டருக்குப் படிப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் வேண்டும், எங்களுக்கு எதற்கு? எளிமையான புத்தகம் ஏதாவது சொல்ல முடியுமா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள மகளே,

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பரீட்சைத் தாளில் உச்சரிப்பு கிடையாது. அதை இத்தோடு விடு.

‘எங்களுக்கு எதற்கு’ என்று எழுதினாயே, அதற்குத்தான் கோபம் வந்தது. இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் பக்கத்தில் டாக்டரா நிற்கிறார்? டிரிப்ஸ் ஏறும் கையில் ஊசி குத்திய இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டு, அவர் வலியில் கையை இழுத்துக்கொண்டால் அதை முதலில் பார்க்கப்போவது நீ. சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இந்த நான்கையும் ரோமில் செல்சஸ் என்ற நூலாசிரியர் எழுதிவைத்து ஏறக்குறைய 2000 வருஷம் ஆகிறது. இன்றைக்கும் இன்ஃப்ளமேஷன் என்ற அழற்சிப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய் விரிவதால் சிவப்பும் சூடும். அதன் சுவர் வழியே நீர் கசிவதால் வீக்கம். இது தெரிந்தவள் ஊசியை உடனே எடுப்பாள். தெரியாதவள் பிளாஸ்திரியை இன்னும் இறுக்கி ஒட்டுவாள்.

அப்புறம், நீ பயப்படும் வார்த்தைகளில் பல அடுப்படியிலிருந்து போனவை. நட்மெக் லிவர் என்றால் சாதிக்காய் ஈரல். குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கிற வீட்டில் தேய்ந்த சாதிக்காயின் முகத்தைப் பார்த்திருப்பாய், வெளிறிய பரப்பில் கருமையாக வரிகள் ஓடும். இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்து ரத்தம் ஈரலில் நெடுநாள் தேங்கினால், வெட்டிய ஈரல் அப்படித்தான் இருக்கும். அமிலாய்டு என்கிற கெட்டுப்போன புரதம் மணிமணியாகப் படிந்த மண்ணீரல், ஜவ்வரிசி. காலராவின் பேதி, அரிசி களைந்த தண்ணீர். அறுத்துப் பார்த்தவர்கள் தங்கள் கண்ணில் பட்டதைத் தெரிந்த சாமானின் பெயரால் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கேசியேஷன் என்ற வார்த்தையை மட்டும் என்னால் கடந்துபோக முடியாது. உன் கடிதம் வந்த வாரத்தில்தான் அப்பாவின் பழைய ரிப்போர்ட் பரணில் அகப்பட்டது. 1994-ல் அவருக்குக் கழுத்தில் நெறி கட்டியது. தாராவியில் தோல் பட்டறையில் சாயம் ஏற்றும் வேலை. ஓர் ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். எனக்குப் பதினைந்து வயது, வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான்தான். ‘கேசியேட்டிங் கிரானுலோமா’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். “அப்படின்னா?” என்றார் அப்பா. கேன்சர் என்று நினைத்துக்கொண்டு “ஒண்ணுமில்லப்பா” என்றேன். ஆறு மாதம் மாத்திரை என்றார்கள், அதோடு சரி. மறுநாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. ரத்தம் போகிறது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மூன்று வாரம். டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்த மாத்திரைகளை அம்மாதான் பார்த்தாள்.

மறுபடி போனபோது நாகர்கோவில் பக்கத்து சிஸ்டர் ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கினார். அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, “இது டி.பி. அண்ணாச்சி, கேன்சர் இல்ல. பால் திரிஞ்ச மாதிரி உள்ள கெட்டுக் கிடக்கு. உடம்பே அதைச் சுத்தி வேலி கட்டியிருக்கு. வேலிக்குள்ள கிருமி சாகாமக் கிடக்கும், அதான் ஆறு மாசம். சிவப்பாப் போறது ரத்தமில்ல, ரிஃபாம்பிசின் மாத்திரையோட சாயம்” என்றார்.

சாயம் என்றதும் அப்பா சிரித்துவிட்டார். அது அவருக்குத் தெரிந்த சமாச்சாரம். முதலிலிருந்து தொடங்கி, ஆறு மாதமும் ஒரு வேளை விடவில்லை.

திரிந்த பால் என்றாரே, அதுதான் கேசியேஷன். வேலி என்றாரே, அதுதான் கிரானுலோமா. அந்த சிஸ்டர் சொன்னதில் பெரும்பகுதி உன் பேத்தாலஜி புத்தகத்தின் முதல் சில அதிகாரங்களில் இருக்கிறது. ரிப்போர்ட்டை எழுதியவருக்கும் அது தெரியும். ஆனால் அப்பாவிடம் சொன்னது அந்த சிஸ்டர்தான். அவரைப் போய் ‘எதற்கு’ என்று கேட்பாயா?

சரி, புத்தகம் கேட்டிருந்தாய். கல்லூரியில் கொடுத்ததையே படி. தமிழில் இதெல்லாம் வராது என்று யாராவது சொன்னால், 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்கர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார் என்று சொல். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ராத்திரி அம்மாவிடம் அதைத் தமிழில் சொல்லிப் பார். அவர் “அப்படின்னா?” என்று கேட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாதே.